சாமந்தி மாலையும் சாகாத கொன்செத்தாவும்

ஒரு ஊர்ல ஒரு அம்மாக்காரி இருந்தா. எந்த ஊர்லயா? இத்தாலியில, மலை மேல ஒரு ஊர்ல. ம் கொட்டு, இல்லைன்னா உனக்கு முன்னாடி நான் தூங்கிடுவேன். அவ பேரு கொன்செத்தா. வாயைத் திறந்தான்னா கோயில் மணி அடிக்கிறவன்கூட கொஞ்சம் பொறுத்துத்தான் அடிப்பான். வாய் பத்தாதுன்னு கையும் பேசும். அஞ்சு விரலையும் குவிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா, என்னடா உளர்றேன்னு அர்த்தம். அங்க எல்லாருமே அப்படித்தான், கையைக் கட்டிப்போட்டா ஊமையாயிடுவாங்க.

அவளுக்கு ஒரே புள்ளை, ரொக்கோ, பஸ் ஓட்டறவன். முப்பத்தஞ்சு வயசுத் தடியன், இன்னும் அம்மாதான் சட்டைக்கு இஸ்திரி போடணும். அப்போ அவன் என்ன பண்ணினான், மலைக்குக் கீழ பட்டணத்து ஆஸ்பத்திரியில வேலைக்கு வந்த ஒரு நர்ஸை விரும்பிட்டான். நம்ம நிலக்கோட்டைப் பொண்ணு, பேரு பொற்கொடி. கட்டினா அவளைத்தான் கட்டுவேன்னான். ஆனா அம்மா சரின்னாத்தான் கட்டுவேன்னும் சொன்னான். பெரிய வீரன்.

கொன்செத்தாவுக்குப் பயம். வேண்டாம்னா புள்ளை மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பான். சரின்னா, எங்கிருந்தோ வந்தவ அடுப்படியைப் பிடிச்சுக்கிட்டு நம்மளை மூலையில உக்கார வச்சுடுவா. அதனால, மூணு ஞாயித்துக்கிழமை சாப்பிட வரட்டும், பார்த்துட்டு சொல்றேன்னா. அங்க ஞாயித்துக்கிழமைச் சாப்பாடுன்னா லேசில்லை. விடியும்போது தக்காளிக் குழம்பை ஏத்தினா, மத்தியானம் வரை க்ளக் க்ளக்னு கொதிக்கும்.

மொத ஞாயிறு பொற்கொடி ஒத்தாசை பண்றேன்னு அடுப்படிக்குள்ள போனா. அங்க ஸ்பகெட்டி இருந்துச்சு, அவங்க ஊர் சேமியா, குச்சி குச்சியா, நீளமா. பானை சின்னதா இருக்கேன்னு இவ என்ன பண்ணினா? படக், படக், படக். ஒடிச்சுப் போட்டுட்டா. கொன்செத்தா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்கார்ந்துட்டா. அந்த ஊர்ல ஸ்பகெட்டியை ஒடிக்கிறது, பெத்தவங்களைக் கைநீட்டி அடிக்கிற மாதிரி. அப்புறம் ஒரு மணி நேரம் திட்டினா. திட்டிக்கிட்டே தட்டை ரொப்பினா. "மாஞ்ஜா, மாஞ்ஜா"ன்னா, சாப்பிடு சாப்பிடுன்னு. இவ போதும்னு சொல்லச் சொல்ல ரெண்டாவது தட்டும் வந்துச்சு. என்ன, ம் காணோம்? ஆங், அப்படி.

ரெண்டாவது ஞாயிறு, பொற்கொடி எதையும் தொடலை, நல்ல பொண்ணா சாப்பிட்டா. கடைசியில காபி வேணுமான்னு கேட்டாங்க. பால் நிறைய ஊத்தி ஒரு பெரிய டம்ளர்ல குடுங்கன்னுட்டா. அவ்வளவுதான். அங்க பால் காபி காலையில மட்டும்தான். மத்தியானச் சோத்துக்கு மேல பால் போனா வயிறு கெட்டே போயிடும்னு நெனைப்பு. கொன்செத்தா அவ நெத்தியைத் தொட்டுப் பார்த்தா, காய்ச்சலான்னு. அப்புறம் மைக்கூட்டுல இருந்து எடுத்த மாதிரி சொட்டுக் கருப்புக் காபியைக் குடுத்து, இந்தப் பொண்ணு ஆகாதுன்னு மனசுக்குள்ள முடிவே கட்டிட்டா. இன்னும் ஒரு ஞாயிறுதான், வந்துட்டுப் போகட்டும்னு விட்டா.

மூணாவது ஞாயிறு கொன்செத்தாவுக்குப் பொறந்தநாள். குழம்பை ஏத்தி வச்சுட்டு, கால் வலிக்குதுன்னு உள் ரூம்ல கட்டில்ல சாஞ்சா. ரொக்கோ கேக் வாங்கப் போயிட்டான். அப்போ பொற்கொடி பஸ்ஸை விட்டு எறங்கினா. கல்லறைத் தோட்டத்து மதில் பக்கம் ஒரு பூக்கடை, கடை பூரா மஞ்சச் சாமந்தி. பூவுக்குப் பேர்போன நிலக்கோட்டைப் பொண்ணாச்சே, கை சும்மா இருக்குமா? கூடை நிறைய வாங்கினா. யாருக்குன்னு கடைக்காரன் கேட்டான். ரொக்கோவோட அம்மாவுக்குன்னா. அவன் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டான். ஆகா, என்ன மரியாதைடான்னு நெனைச்சுக்கிட்டு, கோயில் படியில உக்கார்ந்து ஆள் உசரத்துக்கு மாலை கட்டினா.

அங்க சாமந்தி யாருக்குத் தெரியுமா? செத்தவங்களுக்கு மட்டும்தான். உயிரோட இருக்கிறவங்க வீட்டுக்கு ஒத்தைப் பூவைக்கூட யாரும் கொண்டு போக மாட்டாங்க. அப்புறம் கேக்கணுமா? கொன்செத்தா போயிட்டாளாம்னு சேதி மலை மேல ஓடுச்சு. மணிக்காரன் சாவு மணியை இழுத்தான், டாங், டாங். எழவு வீட்டுல அடுப்பு எரியக்கூடாதுன்னு ஊர்ப் பொம்பளைங்க கருப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு, பாத்திரம் பாத்திரமா சாப்பாட்டைத் தூக்கிட்டு வந்துட்டாங்க.

சத்தம் கேட்டு கொன்செத்தா முழிச்சா. யாரு செத்ததுன்னு காதைத் தீட்டினா. அட, நாந்தானா. எந்திரிக்கப் போனவ, நம்மளைப் பத்தி என்னதான் பேசறாங்க பார்ப்போம்னு கையை நெஞ்சு மேல வச்சுக் கண்ணை மூடிட்டா. ஒருத்தி எட்டிப் பார்த்தா, சிலுவை போட்டுக்கிட்டு ஓடிட்டா.

பேச்சு கேட்டுச்சு. அவ குழம்புல எப்பவும் உப்பு கரிக்கும்னு ஒருத்தி. அந்தச் செம்புப் பானை இனி யாருக்குன்னு எதிர்வீட்டுக் கர்மேலா. இன்னொருத்தி, வாய் ஓஞ்சுது, ஊர் இனிமே தூங்கும்னா. க்ளுக்னு எல்லாரும் சிரிச்சாங்க. அழறதுக்குத்தான் ஒரு ஆளைக் காணோம். அம்பது வருஷம் இவங்களோட இருந்தேனே, ஒருத்திகூட எனக்குன்னு அழலையேன்னு கொன்செத்தா நொந்து போயிட்டா.

அப்போ தடதடன்னு வாசல்ல ஓடி வர்ற சத்தம். பொற்கொடி. வழியில சேதி சொல்லிட்டாங்க. மாலையைத் தூக்கிக் கடாசிட்டு, வாசப்படியில உக்கார்ந்து, மார்ல அடிச்சுக்கிட்டு, நம்ம ஊர் ஒப்பாரி வச்சா பாரு.

"திட்டித் திட்டிச் சோறு போட்ட என் அத்தையே,
குச்சியை நான் ஒடிச்சேன்னு நெஞ்சொடிஞ்ச அத்தையே,
பாலு கேக்க நெத்தி தொட்டுப் பாதியில போனியே,
பெத்தவளும் இல்லாத எனக்கு இனி மாஞ்ஜா சொல்ல யாரிருக்கா?"

கொன்செத்தாவுக்கு அதுல ஒரே ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது, மாஞ்ஜா. அது போதாதா? ரெண்டு தட்டுச் சோத்துக்கா இந்தப் பொண்ணு இப்படி அழுதுன்னு, கட்டில்ல கிடந்தவளுக்கே அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. தன் சாவுக்குத் தானே அழுது, சர்ர்ர்னு மூக்கைச் சிந்தினா.

பொணம் மூக்கைச் சிந்தினா எப்படி இருக்கும்? டமால், டுமீல், பாத்திரமெல்லாம் கீழ. கொன்செத்தா எந்திரிச்சு வெளியில வந்தா. கர்மேலாகிட்ட இருந்து செம்புப் பானையைப் பிடுங்கினா. பொற்கொடி பக்கத்துல போய், அதே வாசப்படியில உக்கார்ந்தா. அப்போ ரொக்கோ கேக்கும் கையுமா வந்தான். கருப்புக் கூட்டத்தைப் பார்த்ததும் கேக்கைக் கீழ போட்டு, மம்மான்னு கண்ணைக் கசக்கினான்.

கொன்செத்தா விரலைக் குவிச்சு ஆட்டினா. "நிறுத்துடா, உனக்கு அழக்கூடத் தெரியலை. இவளைக் கட்டிக்கோ. நான் நெசமா போற அன்னிக்கு, இந்த வீட்டுல ஒருத்தியாவது எனக்கு ஒழுங்கா அழணும்"னா.

அப்புறம் பொற்கொடியோட மூக்கைத் தன் முந்தானையால, சரி, முந்தானை ஏது அங்க, ஏப்ரன்ல துடைச்சுவிட்டு, முழு ஸ்பகெட்டியா வேக வைக்க உள்ள கூட்டிட்டுப் போனா. அவங்க சாப்பிடட்டும். கதை தீர்ந்தாச்சு, நீ ம் கொட்டினது போதும், கண்ணை மூடு.