வெந்நீர்க் கினுவும் கடல் இசோவும்

கேட்க வந்தவர்களே, இது நம் ஊர்க் கதை இல்லை. வெகு காலத்துக்கு முன்னால், கிழக்குக் கடலுக்கு அப்பால், ஜப்பான் தேசத்தில் நடந்தது. அங்கே ஒரு மலை இருந்தது. அந்த மலை இரவும் பகலும் புகை விட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் நெருப்பு இருந்தது. அந்த நெருப்பின் சூட்டில் கொதித்த தண்ணீர், பாறை இடுக்கு வழியாக வெளியே வந்து, ஒரு குளத்தில் விழுந்தது.

அந்தக் குளத்தில் குளித்தால் மூட்டுவலி போகும். சொறி போகும். மடங்கிய கை நிமிரும். அதனால் கோடையில் ஜனங்கள் ஊர் ஊராக வந்து குளிப்பார்கள். பனி விழத் தொடங்கினால் ஒருவரும் வரமாட்டார்கள். பாதை மூடிவிடும்.

குளத்தைப் பார்த்துக்கொண்டவள் பெயர் கினு. ஐம்பது வயது. பிள்ளைகள் இல்லை. கணவன் இறந்து ஏழு வருஷம் ஆயிற்று. குளத்தை ஒட்டிய மரவீட்டில் தனியாக இருந்தாள். வருகிறவர்கள் கொஞ்சம் தினை தருவார்கள், கொஞ்சம் உப்பு தருவார்கள், சிலர் துணி தருவார்கள். அது அவளுக்குப் போதும்.

ஊற்றுத் தண்ணீர் அப்படியே இறங்கினால் தோல் வெந்துபோகும். பச்சைத் தண்ணீர் கலந்தாலோ மருந்துச் சக்தி போய்விடும். அதனால் கினு நீளமான பலகையை எடுத்து, தண்ணீரை அடித்து அடித்துப் புரட்டி ஆற்றுவாள். எந்த நோய்க்கு எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

குளம் கழுவுவதற்காக அவள் கணவன் ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் வாயில் ஒரு மதகுப் பலகை வைத்திருந்தான். வருஷத்துக்கு ஒரு முறை அதைத் தூக்கிப் பச்சைத் தண்ணீர் விட்டுக் குளத்தைத் தேய்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது மூடியே கிடக்கும்.

பனிக்காலத்தில் மலைக் குரங்குகள் வந்து குளத்தில் உட்காரும். முகம் சிவந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றின் தலையில் ஒன்று பேன் பார்க்கும். கினு கரையில் நின்று, "இன்றைக்குக் காற்று அதிகம், இல்லையா?" என்பாள். குரங்குகள் பதில் சொல்லாது. குளிர் விட்டதும் எழுந்து போய்விடும். சில நாள் தன் குரல் தனக்கு மறந்துவிடுமோ என்ற பயத்தில் கினு அடுப்போடு பேசுவாள், பலகையோடு பேசுவாள், கணவன் விட்டுப்போன தொப்பியோடு பேசுவாள்.

இப்படி ஏழு பனிக்காலம் போயிற்று.

எட்டாம் வருஷம், பனி இளகிப் பாதை லேசாகத் தெரிந்த முதல் நாளே, ஒரு பெண் தனியாக மலை ஏறி வந்தாள். நாற்பது வயது இருக்கும். கடல் வெயிலில் கறுத்த முகம். வலது கையை இடது கையால் ஒரு மூட்டையைப் போலத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் பெயர் இசோ. மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கிற ஊர்க்காரி. ஒன்பது நாள் நடந்து வந்திருக்கிறேன். போன வருஷம் பாறையில் மோதினேன், அதிலிருந்து இந்தத் தோள் அசையவில்லை. குணமாகுமா?"

கினு அவள் தோளை அழுத்திப் பார்த்தாள். எலும்பு சரியாக இருந்தது. சதைதான் இறுகியிருந்தது.

"ஆகும். மூன்று ஏழு நாள். இருபத்தோராம் நாள் கை தலைக்கு மேலே போகும்."

"அதற்கு மேலே என்னால் இருக்க முடியாது அக்கா. ஊரில் என் தங்கை ஹாமா இருக்கிறாள். ஒருத்தி மூழ்குவாள், ஒருத்தி படகில் நின்று அவள் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பாள். மூச்சு முட்டும்போது இழுத்து மேலே போடவேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு யாரும் கயிறு பிடித்ததில்லை. பிளம் மரம் பூ உதிர்க்கிற வரை காத்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு தனியாகவே இறங்கிவிடுவாள். அவ்வளவு பிடிவாதம்."

"இருபத்தொரு நாள்தான். உட்கார், கஞ்சி குடி," என்றாள் கினு.

இசோ காலையில் குளித்தாள், மத்தியானம் குளித்தாள், பொழுது சாயும்போது குளித்தாள். இடையில் எல்லாம் பேசினாள். ஆழத்தில் தண்ணீர் என்ன நிறம், சிப்பி எப்படிப் பாறையைக் கவ்வும், சுறா வந்தால் எப்படி அசையாமல் இருப்பது. கினு கொதி ஊற்றில் கூடையை இறக்கி முட்டை அவித்துக் கொடுத்தாள். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இசோ சிரிக்கும்போது அந்த மரவீடே அதிரும். கினுவும் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் கேட்டு அவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

பதினெட்டாம் நாள் இசோவின் கை காது வரைக்கும் உயர்ந்தது. "இன்னும் மூன்று நாள் அக்கா!" என்று அவள் குதித்தாள்.

கினு சிரித்தாள். ஆனால் மனசுக்குள் எண்ணினாள். மூன்று நாள். அப்புறம் அடுப்பு. அப்புறம் தொப்பி.

அன்று சாயங்காலம் இசோ விறகு பொறுக்கப் போனபோது, கினு வாய்க்கால் பக்கம் போனாள். மதகுப் பலகையை ஒரு விரல் உயரம் தூக்கினாள். பனி உருகிய பச்சைத் தண்ணீர் சத்தமில்லாமல் குளத்துக்குள் போயிற்று.

"தண்ணீரில் இன்றைக்குச் சூடு குறைவாக இருக்கிறதே அக்கா?"

"மலைக்குச் சில நாள் அப்படித்தான்."

இருபத்தோராம் நாள் வந்தது. கை காதோடு நின்றுவிட்டது. "இன்னும் ஏழு நாள்," என்றாள் கினு. இசோ தலையாட்டினாள்.

மறுநாள் கினு பலகையை இரண்டு விரல் தூக்கினாள். ஏழு நாள் போயிற்று. கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. "இன்னும் ஏழு நாள்," என்றாள் கினு. இசோ கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கினு பலகையை மூன்று விரல் தூக்கினாள். ஏழு நாள் போயிற்று. கை மார்புக்கு மேலே எழவே இல்லை.

இந்த நாட்களில் இசோவின் பேச்சு குறைந்துவிட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. குளத்தில் இறங்கினால், கரையோர பிளம் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மரம் மொட்டு விட்டிருந்தது. அடிவாரத்தில் பூத்திருக்கும். அவள் ஊரில் உதிரத் தொடங்கியிருக்கும். அது இருவருக்கும் தெரியும்.

கினு நினைத்தது வேறு. ஆள் இருந்தால் துணை இருக்கும் என்று நினைத்தாள். இப்போது ஆள் எதிரே இருந்தாள். ஆனாலும் குரங்குகள் வருகிற பனிக்காலத்தைவிட அந்த வீடு அமைதியாக இருந்தது.

முப்பத்தைந்தாம் நாள் காலை. இசோ குளித்துவிட்டு வந்து கினுவின் முன்னால் உட்கார்ந்தாள். நெற்றி தரையில் படும்படி குனிந்தாள்.

"அக்கா, இந்த மலைக்கு என்னைப் பிடிக்கவில்லை. இனி கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன். கீழே உப்பு கொண்டுபோகிறவரிடம் சொல்லி, தங்கைக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அக்கா கை போய்விட்டது, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று. அவள் கேட்கமாட்டாள். இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள்."

"நீ?"

"கயிறு பிடிக்க முடியாதவள் ஊருக்குப் போய் என்ன செய்வேன்? சம்மதம் என்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன். ஒரு கையால் விறகு பொறுக்குவேன். ஒரு கையால் தண்ணீர் அடிப்பேன். கடைசி வரைக்கும் உங்களோடு இருந்துவிடுகிறேன்."

கேளுங்கள். ஏழு வருஷமாக எந்த வார்த்தைக்குக் கினு ஏங்கினாளோ, அந்த வார்த்தை அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அடுத்த பனிக்காலத்தில் அவள் தனியாக இருக்க வேண்டியதில்லை.

கினு வாயைத் திறந்தாள். இசோவின் கை மடியில் கிடந்தது. செத்த மீனைப் போலக் கிடந்தது. அந்தக் கையை இசோ பார்க்கவே இல்லை. அது தன்னுடையது என்ற எண்ணமே அவளுக்குப் போய்விட்டிருந்தது.

கினு எழுந்தாள். "என்னோடு வா," என்றாள்.

வாய்க்கால் பக்கம் கூட்டிப்போனாள். மூன்று விரல் தூக்கியிருந்த மதகுப் பலகையைக் காட்டினாள்.

"மலை ஒன்றும் செய்யவில்லை. நான்தான் செய்தேன். இந்தத் தண்ணீரை விட்டு உன் கையை மடக்கி வைத்தேன். நீ போய்விடுவாய் என்று பயந்தேன்."

இசோ குனிந்து அந்த ஓட்டத்தில் விரலை வைத்தாள். பனித் தண்ணீர். சட்டென்று கையை எடுத்தாள்.

"எத்தனை நாளாக?"

"பதினேழு நாளாக."

இசோ கத்தவில்லை. அழவில்லை. நல்ல கையால் பலகையின் தலையில் ஓங்கி அடித்தாள். ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாம் அடியில் மதகு இறுகி மூடிக்கொண்டது.

"என் தங்கை இந்நேரம் கயிறில்லாமல் இறங்கியிருந்தால்?" என்றாள்.

கினு குளக்கரைக்குப் போய்த் தண்ணீர் அடிக்கிற பலகையைக் கையில் எடுத்தாள்.

அன்றிலிருந்து கினு கை கொப்புளிக்கும் வரை தண்ணீரை அடித்தாள். சரியான சூடு. சரியான நேரம். இசோ வந்தாள், குளித்தாள், போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆறாம் நாள் அவள் கை தலைக்கு மேலே நேராக நின்றது. ஏழாம் நாள் விடிந்ததும் மூட்டையைக் கட்டினாள்.

கினு வாசலில் நின்று குனிந்து வணங்கினாள். இசோ பாதையில் இறங்கினாள். வளைவு வரை போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம்தான் கினுவுக்கு மிக நீளமான வருஷம். கோடையில் ஜனங்கள் வந்தார்கள். "எத்தனை நாள் அம்மா?" என்று கேட்டார்கள். பத்து நாள் என்றால் பத்து, நான்கு நாள் என்றால் நான்கு, ஒரு நாள் கூட்டாமல் சொன்னாள். உப்புக்காரர் வரும்போதெல்லாம், "கடலோரத்தில் ஹாமா என்று ஒருத்தி, சிப்பி எடுக்கிறவள். உயிரோடு இருக்கிறாளா?" என்று கேட்டாள். "கடலோரம் எவ்வளவு நீளம் தெரியுமா?" என்று அவர் சிரித்தார். பனி விழுந்தது. பாதை மூடியது. அடுப்போடு பேசலாம் என்று உட்கார்ந்தால், வாயில் ஒரே கேள்விதான் வந்தது. ஹாமா இருக்கிறாளா, இல்லையா? அந்தக் கேள்வியோடு அவள் பனிக்காலம் முழுவதும் தனியாக இருந்தாள்.

மறுபடியும் பனி இளகியது. ஒரு மத்தியானம், குள்ளமான பெண் ஒருத்தி நொண்டிக்கொண்டே மலை ஏறி வந்தாள்.

"அம்மா, முழங்கால் பிடித்துக்கொண்டது. கடல் குளிர். என் பெயர் ஹாமா."

தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த கினு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்கிறாயா?" என்றாள். "இருக்கிறாயா நீ?"

"இல்லாமலா ஏறி வந்தேன்?" என்றாள் ஹாமா. பிறகு அந்த முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "பூ உதிர்ந்தது. முதல் நாள் தனியாக இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் இறங்கினேன், மேலே வரும்போது கண் இருட்டிவிட்டது. மூன்றாம் நாள் இறங்கப் படகை அவிழ்க்கிறேன், புழுதிக் காலோடு அக்கா ஓடி வந்து ஏறினாள். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. என் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். அன்றைக்கு நான் கீழே மயங்கிவிட்டேன் அம்மா. அவள் கைதான் இழுத்துப் போட்டது."

கினு முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "உன் அக்கா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாள்.

"கோபம் இன்னும் போகவில்லை, அதைச் சொல்லிவிடு என்றாள்."

"பிறகு ஏன் உன்னை இங்கே அனுப்பினாள்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். வழியில் நான்கு வெந்நீர்க் குளம் இருக்கிறதே, ஏன் அவ்வளவு தூரம் என்றேன். 'அந்த நான்கு இடத்திலும் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது. கினுவோ, நான் இருந்துவிடுகிறேன் என்று சொன்ன பிறகும், தன் பொய்யைத் தானே உடைத்துக் காட்டினாள். உன் காலை அவளிடம்தான் கொடுப்பேன்' என்றாள்."

ஹாமா காலை நீட்டினாள். "எத்தனை நாள் அம்மா?"

கினு முழங்காலை அழுத்திப் பார்த்தாள். ஹாமாவுக்கும் அக்காவின் குரல்தான். சிரித்தால் இந்த வீடு அதிரும். பத்து நாள் என்றாலும் நம்பிவிடுவாள்.

"ஐந்து நாள்," என்றாள் கினு.

ஐந்து நாளும் ஹாமா பேசினாள், கினு கேட்டாள். ஆறாம் நாள் காலை கினுவே குனிந்து ஹாமாவின் வைக்கோல் செருப்பைக் கட்டிவிட்டாள். ஹாமா நொண்டாமல் இறங்கிப் போனாள். பாதை வளைவில் அவள் தலை மறைந்தது. மலை புகைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. கினு வீட்டுக்குள் போய், ஒற்றைக் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

கேட்டவர்களே, இதுதான் கதை சொல்லும் நீதி: தனிமைக்குப் பயந்து ஒருவரைப் பொய்யால் பிடித்து வைத்தால் துணை கிடைக்காது, உண்மையைச் சொல்லி வழிவிடுகிறவரையே மனிதர்கள் நம்பி வருவார்கள்.