காப்புரிமை வென்றவர்

தயாபரன் ஏலகிரி அடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தபோது உச்சிப்பொழுது. ஓசூரில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் செய்கிறவர். அறுபத்திரண்டு வயது. குரு மங்கையர்க்கரசி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் தயாபரன் அவரை அழைப்பது அம்மா என்றுதான்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வழக்குல ஜெயிச்சுட்டேம்மா.”

பதினோரு வருட வழக்கு. வண்டியின் தூக்கும் பகுதிக்குக் காப்புரிமை யாருக்கு என்று அவருக்கும் கூட்டாளி நாச்சிமுத்துவுக்கும் தகராறு. அதற்கு முன்பெல்லாம் இருவரும் இங்கே சேர்ந்துதான் வருவார்கள்.

“சந்தோஷம்தானே?”

“தீர்ப்பு வந்ததும் யார்கிட்டயாவது சொல்லணும்னு போனை எடுத்தேன். சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா. மகளுக்கு வழக்குன்னாலே எரிச்சல். வக்கீல் அடுத்த கேஸுக்குப் போயிட்டார். கோர்ட் வாசல்ல போனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். ஏம்மா இப்படி?”

அம்மா பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து நீட்டினார்.

“எதை ஜெயிச்சீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

தயாபரன் வரைந்தார். முன்பெல்லாம் தூக்கும் சிலிண்டர் நடுவில் இருக்கும். ஓட்டுகிறவருக்கு எதிரே இருப்பது தெரியாது. அப்படித்தான் பட்டறையில் வேலை பார்த்த சின்னப்பன் குறுக்கே வந்தது தெரியாமல் போய், அவருக்கு ஒரு கால் போனது. அதன் பிறகுதான் அவரும் நாச்சிமுத்துவும் சிலிண்டரை இரண்டாக்கி ஓரங்களில் வைத்தார்கள். நடுவே பாதை தெரிந்தது.

சொல்லச் சொல்ல அவர் குரலில் வேகம் வந்தது.

“ரெண்டும் ஒரே வேகத்துல ஏறணும்மா. இல்லேன்னா சரக்கு சாஞ்சிடும். அதுக்குத்தான் இந்த வால்வு. இங்க பாருங்க, எண்ணெய் இப்படிப் பிரியுது…”

அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்குப் புரியலையே.”

“பரவாயில்லைம்மா. இது புரிஞ்சவங்க கம்மி.”

தயாபரன் பேனாவைக் கீழே வைத்தார்.

“போன மாசம் நாச்சிமுத்து வந்திருந்தார்,” என்றார் அம்மா.

தயாபரன் நிமிர்ந்தார்.

“அவரும் இதையேதான் வரைஞ்சார். வால்வு வர்ற இடத்துல மட்டும் நிறுத்திட்டார்.”

“ஏன்? அவனுக்கு எல்லாம் தெரியுமே.”

“‘இதைத் தயா சொல்லிக் கேக்கணும்மா’ன்னு பேனாவை மூடி வெச்சுட்டார்.”