பீடச் சுவருக்கு ஆசைப்பட்ட சுண்ணாம்பு

கடற்கரை ஊர் ஒன்றில் புதிதாக ஓர் ஆலயம் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அதன் பின்புறக் குழியில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடந்தது. சூளையில் வெந்து, குழியில் தண்ணீர் பட்டதும் குமுறிக் கொதித்து, பின்பு ஆறி, வெண்ணெய் போலத் திரண்டிருந்தது. தன் வெண்மையைத் தானே அறிந்திருந்ததுதான் அதன் முதற்கேடு.

தனக்குரிய இடத்தையும் அது தானே தெரிந்தெடுத்திருந்தது: பலிபீடத்துக்குப் பின்னுள்ள சுவர். "ஐயா, என்னை அங்கே பூசும்" என்று கொத்தனார் மாசிலாமணியிடம் காலையும் மாலையும் மன்றாடியது. அவர் மறுமொழி சொல்வதில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். கழியால் அடிவரைக்கும் கிளறுவார். நனைந்த கோணியை இழுத்து மூடிவிட்டுப் போய்விடுவார்.

பக்கத்தில் குவிந்திருந்த மணலைத் தளம் போடுவதற்குக் கூடை கூடையாக அள்ளிப் போனார்கள்.

"நான் உள்ளே போகிறேன். நீ தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிட" என்று போகிற போக்கில் மணல் குத்திக்காட்டியது.

சுண்ணாம்பு கோணியிடம் முறையிட்டது. "பார்த்தாயா? நேற்று வந்த மணலுக்கு இடம் கிடைத்துவிட்டது. இத்தனை நாள் கெஞ்சிய எனக்குக் கிடைத்தது குடம் தண்ணீர்."

"உன் மேல் வெயில் படாமல் நாள் முழுக்க நனைந்து கிடக்கிறேனே, நான் ஏதாவது கேட்டேனா?" என்றது கோணி.

"நீ கோணி. கிடப்பதற்கென்றே பிறந்தவள்."

"சரி, மகாராணி. அவர் கிளறும்போதெல்லாம் உன் அடியிலிருந்து இன்னும் சூடு கிளம்புகிறதே, அது என்னவாம்?"

"அது என் பக்தி வைராக்கியம்" என்றது சுண்ணாம்பு.

கோணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது.

ஒரு நாள் மாசிலாமணி பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். "உபதேசியார் ஐயா, மலைப்பக்கம் போய்ட்டு வாரேன். குழிக்குத் தினம் தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற யாரையும் கை வைக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த சுண்ணாம்பு, இனி இவரை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டியது.

பிரதிஷ்டை நாள் நெருங்கியது. பிஷப் ஐயா வருவதாகச் சொல்லியாயிற்று. பீடச் சுவரோ மொட்டையாக நின்றது. ஊர்ச் சபையை நடத்திவந்த உபதேசியார் அருமைநாயகம் உள்ளே முழங்காலிட்டு ஜெபிப்பார். எழுந்தவுடன் வெளியே வந்து பாதையைப் பார்ப்பார். மாசிலாமணியைக் காணவில்லை. உபதேசியார் குழியருகே வந்தபோது, கோணி சற்று விலகியிருந்த ஓரத்தில் சுண்ணாம்பு தன்னைப் பளபளவென்று காட்டியது.

"இம்புட்டு வெள்ளையா இருக்கு! இதுக்கு மேல இதுல என்ன ஆகணுமாம்? மாசிலாமணிக்கு எதுலயும் ஒரு சுணக்கம்" என்றார் உபதேசியார். அவர் சொல்லியனுப்ப, பக்கத்து ஊரிலிருந்து பூச்சு வேலைக்கு ஓர் ஆள் வந்தான். கோணியைத் தூக்கி எறிந்தான்.

"வேண்டாமடி, அவர் வரட்டும்" என்று மண்ணில் கிடந்தபடி கோணி கத்தியது.

"என் ஜெபம் கேட்கப்பட்டது. உனக்குப் பொறாமை" என்றது சுண்ணாம்பு. மாலைக்குள் அது பீடச் சுவரில் இருந்தது.

பிரதிஷ்டை ஆராதனையில் ஆலயம் நிறைந்திருந்தது. பிஷப் நற்கருணைப் பாத்திரத்தை உயர்த்திய வேளையில் சுண்ணாம்பினுள் ஏதோ ஊறிப் புடைத்தது. குழியில் போதிய நாள் தண்ணீர் குடித்து நீறாத பொடிக் கட்டிகள் சுவரின் ஈரத்தில் இப்போதுதான் விழித்துக்கொண்டன. டப்பென்று ஒரு சில்லு தெறித்துப் பீடத்தின் வெள்ளைத் துணியில் விழுந்தது. பின்னும் ஒன்று. மூன்றாவது, பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது.

பிஷப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். பாட்டு நின்றது.

"அம்மா, கோயில் உதிருது" என்றது ஒரு குழந்தை, எல்லாருக்கும் கேட்கும்படி.

எந்தச் சுவரில் எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று சுண்ணாம்பு ஆசைப்பட்டதோ, அந்தச் சுவரில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ள இடமில்லை. சுவரில் பூசியபின் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது.

கடைசி வரிசையில் மாசிலாமணி நின்றிருந்தார். அவர் காலடியில் ஒரு மூட்டை இருந்தது.

கூட்டம் கலைந்தபின் உபதேசியார் தலை நிமிராமல் அவரிடம் வந்தார். "நாள் குறிச்சாச்சே, மாசிலாமணி. நான் என்ன செய்ய?"

"நாள் குறிச்சது நீங்க. சுண்ணாம்பு அடிவரைக்கும் நீறிட்டான்னு யாரு பாத்தா?" மாசிலாமணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே கடுக்காய். "இந்தச் சுவருக்குன்னே எடுத்துட்டு வந்தேன். இதை ஊறப்போட்ட தண்ணியில குழைச்சுப் பூசினா நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும். நல்ல காய் கிடைக்கத்தான் நாளாயிட்டு."

சுவரிலிருந்து சுண்ணாம்பு இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. தன்னை விட்டுவிட்டுப் போனார் என்று எண்ணிய நாள்களில் எல்லாம் அவர் தனக்காகவே நடந்துகொண்டிருந்தார்.

மாசிலாமணி இன்னும் ஈரம் காயாத அந்தப் பூச்சைச் சுரண்டினார். ஒரு துணுக்கையும் வீசவில்லை; அத்தனையையும் கூடையில் ஏந்திப் பழைய குழிக்கே கொண்டுவந்தார். கோணி ஓரத்தில் கிடந்தது. அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் சுண்ணாம்புக்கு எல்லாவற்றிலும் அதிகமாகச் சுட்டது.

முதல் குடம் விழுந்ததும் உள்ளிருந்து புஸ்ஸென்று சூடு கிளம்பிற்று. அது வைராக்கியம் அல்ல என்று இப்போது அதற்குத் தெரிந்தது.

மறுநாள் காலை மாசிலாமணி வந்து குழியருகே நின்றார். சுண்ணாம்பு சுவரைப் பற்றிப் பேசவில்லை.

"ஐயா," என்றது, "தண்ணீர்."