இருபத்திநாலு மீட்டர் மனை

நில அளவர் தணிகாசலத்துக்கு, தன்னிடம் டேப் பிடிக்கும் காளிங்கனைக் கண்டாலே வயிறு எரியும். கம்ப்யூட்டர் படித்தவர் இவர். தாசில்தாரோ எந்த எல்லைச் சந்தேகம் வந்தாலும், "காளிங்கா, நீ சொல்லுப்பா" என்று அவனிடம்தான் கேட்பார்.

அன்று ஒரு மனையை அளக்கும் இடத்துக்குத் தாசில்தாரே வந்து நின்றார். டேப் ஏழு மீட்டர் சொச்சம்தான் காட்டியது. தணிகாசலம் மடிக்கணினியைத் தட்டிக் காட்டினார். "சாஃப்ட்வேர் இருபத்திநாலு மீட்டர்ங்குது. ஒழுங்காப் பிடிச்சு அதைக் கொண்டு வா. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

"கொண்டு வந்துடலாம் சார். நீங்க அந்த மூலைக் கல்லுல போய் நில்லுங்க."

இந்த மூலையில் நின்ற காளிங்கன், பக்கத்து ஆளிடம் பேசுவதுபோல் மெல்லச் சொன்னான்: "சார் சட்டையில பட்டன் மாறியிருக்கு."

தணிகாசலம் பதறிப்போய் நெஞ்சைத் தடவினார். பட்டன்கள் சரியாகத்தான் இருந்தன.

"பார்த்தீங்களா ஐயா? இருபத்திநாலு மீட்டர் தள்ளி நிக்கிறவருக்கு நான் மெல்லச் சொன்னது கேட்டுடுச்சு. பழைய வரைபடத்துல இருக்கிறது இருபத்திநாலு அடி. சார் அதை மீட்டர்னு ஏத்திட்டார்."

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "காளிங்கா, இனி வரைபடத்தை நீ படிச்சுச் சொல்லுப்பா. தணிகாசலம், நீங்க டைப் பண்ணுங்க."

தணிகாசலம் தட்டிய தட்டில் கீபோர்டுதான் பாவம்.