மறதியை விரட்டும் லேகியம்

முன்பு ஒரு நாட்டை ஆண்ட ராஜாவுக்கு வயதாக ஆக ஞாபகம் தப்பத் தொடங்கியது. ஒருநாள் சபையில் மகளைக் கூப்பிட வாயெடுத்தவர், பெயர் வராமல் விழித்தார். அந்த அவமானம் தாங்காமல், எதையுமே மறக்காதபடி செய்யும் மூலிகை வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அரண்மனை வைத்தியர் பிறைசூடியாருக்கு விகடகவி குழைக்காதரைக் கண்டாலே ஆகாது. ராஜா தம்மைவிட அவர் பேச்சுக்குக் காது கொடுக்கிறாரே என்ற வயிற்றெரிச்சல். அப்படி ஒரு மூலிகை உண்டு என்றும், அது வளரும் இடம் குழைக்காதருக்குத்தான் தெரியும் என்றும் அடித்துச் சொன்னார். குழைக்காதர் அதைப் பௌர்ணமிக்குள் கொண்டுவராவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று ராஜா சொல்லிவிட்டார்.

ஆயுள் முழுக்கப் பிறரைச் சிரிக்க வைத்து அலுத்துப்போயிருந்தார் குழைக்காதர். இந்த வயதில் மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவது? அதைவிட, தம்மோடு சேர்ந்து நரைத்த ராஜா ஒரு பெயருக்காகத் தவித்த முகம் மனசைப் பிசைந்தது. குளக்கரையில் வல்லாரையும் நீர்ப்பிரமியும் பறித்து, நெய்யும் கருப்பட்டியும் சேர்த்து லேகியம் கிண்டி, சபைக்கு எடுத்துவந்தார்.

ராஜா ஆவலாகக் கை நீட்டினார். குழைக்காதர் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை.

"அரசே, தாங்கள் உண்ணும் மருந்தை வைத்தியர் முதலில் உண்பதுதானே முறை? உண்டதும், தங்களைப் பற்றி இதுவரை யாரிடம் என்னென்ன பேசினார் என்பதெல்லாம் ஒரு சொல் விடாமல் அவர் நினைவுக்கு வந்துவிடும். தாங்கள் கேட்டால், மறந்துவிட்டேன் என்று அவர் சொல்ல முடியாது."

பிறைசூடியார் பின்வாங்கினார். கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"வல்லாரையை நெடுநாள் உண்டால் புத்தி சற்றுத் தெளியலாம், அரசே. எதையுமே மறக்காதபடி செய்யும் மூலிகை உலகத்தில் கிடையாது" என்று முனகினார்.

அப்படியென்றால் அன்று சொன்னது பொய்யா என்று ராஜா கேட்டார். கோபப்படக்கூட ராஜாவுக்குத் தெம்பில்லை. வைத்தியரை வெளியே போகும்படி கையைக் காட்டிவிட்டுச் சிம்மாசனத்தில் சாய்ந்தார்.

"என் மறதிக்கு வழியே இல்லையா, குழைக்காதரே?"

"லேகியத்தைத் தினமும் சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை. விட்டுப்போவதை அடியேன் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன்."

"உமக்கும் வயதாகிறதே. நீரும் மறந்துபோனால்?"

"சொன்ன விகடத்தையே திரும்பச் சொல்வேன், அரசே. இருவரும் புதிதாகச் சிரிக்கலாம்."

ராஜா சிரித்தார். கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார். பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டு, சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆசனமும் போடச் சொன்னார். குழைக்காதர் முழங்காலைப் பிடித்தபடி மெல்ல அதில் உட்கார்ந்து, லேகியத்தில் முதல் உருண்டையை உருட்டி ராஜாவிடம் நீட்டினார்.

"கொஞ்சம் கசக்கும், அரசே."