தலையில் கரண்ட், நாக்கில் கொரியன்

“டாக்டர், கரண்டை இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்க.”

செல்லக்கனி சிஸ்டர் இப்படிக் கேட்டது எட்டாவது நாள். தலையில் பட்டை, பட்டையில் இரண்டு ஒயர், காதில் கொரிய வார்த்தைகள்.

டாக்டர் நப்பின்னை மூளை ஆராய்ச்சிக்காரர். சிஸ்டரைவிடப் பதினெட்டு வயசு சின்னவர். தலையில் லேசாக மின்சாரம் கொடுத்தால் அந்நிய மொழி சீக்கிரம் ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அளவு அவ்வளவுதான் சிஸ்டர்.”

“நாற்பது வார்த்தை கேக்கறேன். வெளியே போனா நாலுதான் நிக்குது. ஹேஜினுக்கு இந்த வாரமே வலி எடுத்துடும் டாக்டர்!”

ஹேஜின், பத்து நாளாக மாடியில் பிரசவ வார்டில் இருக்கும் கொரியப் பெண். புருஷனுக்குக் கார் தொழிற்சாலையில் வேலை, அந்த வேலையாக வெளியூர் போயிருக்கிறார். மொழிபெயர்க்க வருகிறவர் ஆம்பளை. அவரை அறைக்குள் விடவே மாட்டாள். மூன்று நாளாக யாரோடும் பேச்சில்லை, பயந்து கிடக்கிறாள். பிரசவம் முடியும்வரை கூடவே நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருப்பது நம்ம சிஸ்டர். அதுவும் சைகையில்!

“கரண்ட் ஓடும்போது நீங்க என்ன செய்றீங்க?” என்றார் டாக்டர்.

“அசையறதே இல்லையே. கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, கம்முனு படுத்திருக்கேன். இருபத்தாறு வருஷமா நோயாளிங்ககிட்ட நான் சொல்றதுதானே!”

டாக்டர் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பேன்.

மெஷினை நிறுத்தினார். பட்டையைக் கழற்றினார்.

“எழுந்திருங்க.”

சிஸ்டர் எழுந்தார். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அதே கட்டிலில் ஏறிப் படுத்தார்.

“என்ன டாக்டர், உடம்புக்கு முடியலையா?”

டாக்டர் கண்ணை மூடி முகத்தைச் சுளித்தார்.

“டாக்டர்!”

“அப்பாயோ” என்றார் டாக்டர். கொரியனில், வலிக்கிறது.

சிஸ்டரின் கை தானாகப் போய் நாடியைப் பிடித்தது. வாய் திறந்தது. எங்கே வலிக்குது? எப்போலேர்ந்து? இடுப்பிலயா? தண்ணி வேணுமா? நாலும் கொரியனில் வந்தன. கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“ஆத்தாடி!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் பொண்ணு கெட்டிக்காரி, சொல்லத்தான் வேணும்.

“கம்முனு படுத்திருந்தா ஏறாது சிஸ்டர், வாயைத் திறந்து பேசினாத்தான் ஏறும். இன்னும் பன்னிரண்டு நிமிஷம் கரண்ட் பாக்கி இருக்கு. பட்டையை மாட்டட்டுமா?”

சிஸ்டர் அதற்குள் பாதி மாடிப்படி ஏறியிருந்தார்.

ஹேஜினின் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையைப் பிடித்தார். எங்கே வலிக்கிறது என்று அவள் மொழியில் கேட்டார்.

ஹேஜின் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மூன்று நாள் பேச்சும் ஒரே மூச்சில் கொட்டியது, அழுகையோடு. சிஸ்டருக்கு அதில் முக்கால்வாசி புரியவில்லை.

“தாஷி” என்றார் சிஸ்டர்.

மறுபடியும் சொல்லு.