செவ்வந்தி ஈனாத குட்டிகள்

முன்னொரு காலத்தில் மஞ்சணத்திப்பட்டணத்தை உக்கிரசிங்கன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். ராஜா காலையில் ஒரு கோபம், மாலையில் ஒரு கோபம் என்று படுவான். நடுவில் கிடைக்கிற நேரத்தில் மந்திரி அறவாழி ராஜ்யத்தைப் பார்த்துக்கொள்வார். மனுஷன் அலுத்துப்போயிருந்தார்.

அன்று சபைக்குள் நுழையும்போதே ராஜா சீறினான். "குட்டிகள் எங்கே, மந்திரி?"

விஷயம் இதுதான். ராஜாவின் செல்ல வேட்டைநாய் செவ்வந்திக்கு வயிறு பெருத்து, பாலும் கட்டியது. அண்டை நாட்டு ராஜாவின் ஆண்நாயோடு அதை இணைசேர்க்க முன்னின்றவர் அரண்மனை ஜோசியர் தாண்டவராயர். "சிங்கம் மாதிரிக் குட்டிகள் பிறக்கும்" என்று அவர் அடித்துச் சொல்ல, ராஜா ஊர் ஊராகத் தொட்டில் விழாவுக்கு ஓலை அனுப்பிவிட்டான். நாள் கடந்தது, வயிறும் வற்றியது. குட்டியைத்தான் காணோம்.

ஜோசியருக்கு மந்திரி என்றாலே வயிற்றெரிச்சல். மந்திரி வேலைக்கு வைத்த நாய்க்காரி அங்கம்மாதான் குட்டிகளைத் திருடி விற்றுவிட்டாள் என்று பழியைத் தூக்கிப் போட்டார். பொழுது சாய்வதற்குள் குட்டிகள் வராவிட்டால் அவள் தலை போய்விடும் என்பது ராஜாவின் உத்தரவு.

காவலர் நடுவே கை கட்டுண்டு நின்றவளை மந்திரி பார்த்தார். இன்றைக்கும் வீட்டில் சோறு ஆறிப்போகும் என்று நினைத்துக்கொண்டார்.

"மகாராஜா, பெற்றவளை விட்டால் தேட வேறு ஆள் எதற்கு? செவ்வந்தியை அவிழ்த்துவிடுங்கள்."

நாய் நேராக ராஜாவின் பள்ளியறைக்கு ஓடியது. சபை மொத்தமும் பின்னாலேயே ஓடியது. கட்டிலுக்கடியில் ராஜாவின் செருப்பு ஒன்று கிடந்தது. செவ்வந்தி அதை மடியில் அணைத்துக்கொண்டு நக்கிக் கொடுத்தது. ராஜா கையை நீட்டினான். அவனைப் பார்த்தே உறுமியது.

"இதுவா குட்டி?"

"அவளுக்கு இதுதான் குட்டி, மகாராஜா. பருவம் வந்து போனபின் சில பெட்டைநாய்களுக்கு இப்படி ஆவதுண்டு. இணைசேராமலே வயிறு பெருக்கும், பால் சுரக்கும். பொய்ச்சினை என்பார்கள். மடியைப் பீய்ச்சாமல் விட்டால் தானே வற்றிவிடும்."

ஜோசியர் குறுக்கே புகுந்தார். "குட்டிகளைப் பறிகொடுத்த துக்கத்தில் பாவம் செருப்பைக் கொஞ்சுகிறது. மந்திரியார் தன் ஆளுக்காகக் கதை கட்டுகிறார்."

ராஜா அதற்கும் தலையாட்டினான். மந்திரி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு தரம் விளக்கிச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"ஜோசியர் சொல்வதே சரியாக இருக்கட்டும். குட்டிகள் பிறந்தன, காணாமல் போயின. அதில் பாதி ஆண்நாய்க்காரருக்குத் தருவதாகத்தானே பேச்சு? அந்த ராஜாவுக்கு யாராவது போய்ப் பதில் சொல்ல வேண்டும். அவர் நம் மகாராஜாவைவிடக் கோபக்காரர். முன்னின்று நடத்தியவரையே அனுப்பிவிடலாம். ஜோசியரே, பல்லக்கு சொல்லட்டுமா?"

ஜோசியர் இரண்டடி பின்வாங்கினார். "அது வந்து... குட்டி பிறந்திருக்க வழியில்லை, மகாராஜா."

"என்ன உளறுகிறீர்?" என்றான் ராஜா.

"நல்ல முகூர்த்தம் பார்த்துக் காத்திருந்தேன். அது வருவதற்குள் பெட்டைக்குப் பருவம் தாண்டிவிட்டது. கிட்டே போன ஆண்நாயைக் கடித்துத் துரத்திவிட்டது. நாய்கள் சேரவே இல்லை."

ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. விழாவுக்கு அழைத்த ஊர் ஒவ்வொன்றுக்கும் ஜோசியரே நடந்துபோய், நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு போட்டான். பிறகு மந்திரியிடம், "என்ன பரிசு வேண்டுமோ கேளும்" என்றான்.

"நாளைக்கு நான் தூங்க வேண்டும். யாரும் எழுப்பக்கூடாது. அப்புறம், இனிமேல் ஒருவர் தலையை வாங்குமுன் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்."

ராஜா அங்கம்மா பக்கம் திரும்பினான். "நாய்கள் சேரவில்லை என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும், மகாராசா. பக்கத்துலதான் நின்னேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"யாரு கேட்டா? வீட்டுல இருந்தவள இழுத்துக்கிட்டு வந்தாங்க. அப்போலேருந்து பயத்துல செத்துக்கிட்டிருக்கேன்."

காவலர் அவள் கையில் போட்ட கயிறு இன்னும் அப்படியே இருந்தது. ராஜாவே குனிந்து முடிச்சில் கை வைத்தான். கட்டச் சொல்லித்தான் பழக்கம், அவிழ்த்துப் பழக்கமில்லை, வெகுநேரம் தடுமாறினான். மந்திரி உதவிக்குப் போகவில்லை.